விளக்கும் எண்ணெயும்: நம் மருத்துவமனையின் மின்கணக்கு

(குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று நடைபெற்ற நன்கொடையாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் குணமடைந்து வீடு திரும்பியவர்களின் சாட்சிகளைக் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு மின்கட்டணத்தைக் குறித்துப் பேசும்படி நிர்வாகக் குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. போதகருக்கும் மின்கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு பனையேறித் தொழிலாளியின் குடும்பம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பதநீர் இறக்கும் காலத்தில் மரத்திலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்த நிலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. எட்டாம் நாள் அவருடைய மனைவி ஆலய வாசலுக்கு வந்து, "ஐயா, நாளைக்கே டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லுங்கையா. இனிமே கடன் கேக்க ஊர்ல ஆள் இல்ல" என்றார். நாங்கள் ஏழை நோயாளர் நிதிக் குழுவிடம் போனோம். அந்த மாதம் நிதி தீர்ந்துவிட்டிருந்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் புண்ணில் சீழ் வைத்துத் திரும்பி வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. இனி அவர் பனை ஏற முடியாது.

அடுத்த கணக்குக் கூட்டத்தில் மின்வாரியத்தின் பட்டியலைக் கணக்காளர் வாசித்தார். அதில் இரண்டு வரிகள் எங்கள் காதில் விழுந்தன. ஒன்று, ஒப்பந்தத்தில் கேட்டுக்கொண்ட மின்தேவை அளவைத் தாண்டியதற்கான கூடுதல் கட்டணம். மற்றொன்று, பவர் ஃபேக்டர் குறைந்ததற்கான ஈட்டுக் கட்டணம். இவ்விரண்டாலும் எந்த நோயாளிக்கும் ஒரு விளக்குகூடக் கூடுதலாக எரியவில்லை. முழுக்க முழுக்க நம் கவனக்குறைவுக்குக் கட்டிய பணம் அது. அந்த இரண்டு வரிகளின் தொகை, அந்தப் பனையேறியின் குடும்பம் வைத்திருந்த பாக்கியைவிட அதிகம். அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மின்கட்டணமும் ஊழியக் கணக்கைச் சேர்ந்ததுதான் என்பதை அன்று உணர்ந்தோம்.

முதலில் ஓர் அறிக்கை

மேலும் பேசுமுன் உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு உங்கள் நினைவில் இருக்கும். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் அதிகமாக மின்சாரம் இல்லாமல் தவித்தோம். அப்போது உங்களில் பலர் மனமுவந்து கொடுத்த காணிக்கையால் பிரசவ வார்டின் கூரையில் சூரியத் தகடுகளையும், கீழே ஓர் அறையில் பேட்டரிகளையும் வைத்தோம். பிரதிஷ்டை ஜெபம் செய்தோம், பெயர்ப்பலகை திறந்தோம், இந்தச் செய்தி மடலில் படமும் போட்டோம்.

ஈய அமில பேட்டரிக்கு உரிய காலத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும், முனைகளில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும், முழுவதும் வற்றும்வரை மின்சாரத்தை உறிஞ்சக் கூடாது. நல்ல பேட்டரி நான்கைந்து ஆண்டு உழைக்கும். நம்முடையவை இரண்டே ஆண்டில் செத்தன. பராமரிப்பு இன்னாருடைய வேலை என்று நாங்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் நர்சிங் பிரிவு பார்க்கும் என்று இருந்தார், நர்சிங் பிரிவு எலக்ட்ரீஷியன் பார்ப்பார் என்று இருந்தது. பெயர்ப்பலகை இன்றும் பளபளப்பாக இருக்கிறது. இந்தச் செய்தியை நாங்கள் மடலில் போடவில்லை. அது தவறு. உங்கள் காணிக்கைக்கு நாங்கள் கணக்கொப்புவிக்க வேண்டியவர்கள். எங்களை மன்னியுங்கள்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை நீங்கள் அறிவீர்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. குறை, ஐந்து பேரிடம் எண்ணெய் இல்லாததுதான். விளக்கைக் கொடுக்க நன்கொடையாளர் கிடைப்பார்கள். எண்ணெயை நாள்தோறும் பார்த்து ஊற்றுவது வீட்டாரின் கடமை. அதை நாங்கள் இழப்பின் வழியாகக் கற்றுக்கொண்டோம்.

இரவு இரண்டு மணிக்கு மீட்டர்

பனையேறியின் காரியத்துக்குப் பின், மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் சபை அன்பர் ஒருவர் ஊதியம் வாங்காமல் உதவ முன்வந்தார். நாங்கள் உடனே சூரிய சக்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். அவர் கையமர்த்தி, "ஐயா, ஓட்டைப் பானையில எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் நிக்காது. முதல்ல ஓட்டையைப் பார்ப்போம்" என்றார்.

அவர் செய்த முதல் வேலை, இரவு 2 மணிக்கு மீட்டரைப் பார்த்தது. அந்நேரம் வெளிநோயாளர் பிரிவு இல்லை, சலவை இல்லை, எக்ஸ்ரே இல்லை, அலுவலகம் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு, வார்டுகள், குளிர்பதனப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு வேண்டிய மின்சாரம் மட்டுமே ஓட வேண்டும். ஆனால் மீட்டர் அதைவிட மிக அதிகமாகக் காட்டியது. டார்ச் விளக்குடன் வளாகத்தைச் சுற்றி வந்தோம். பூட்டிய அலுவலகத்தில் இரண்டு குளிர்சாதனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, தண்ணீர் வழிந்து போக, மோட்டார் இரவெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத நடைகளில் எல்லாக் குழல் விளக்குகளும் எரிந்தன. கடைசியாக ஆலயத்துக்கு வந்தோம். கோபுரச் சிலுவையின்மேல் இரண்டு பெரிய ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 500 வாட், அந்தி முதல் விடியும்வரை எரிந்துகொண்டிருந்தன. அவற்றை எரியவிடச் சொன்னது வேறு யாருமில்லை, நாங்கள்தான். இரவுக்குச் சுமார் 12 யூனிட். அன்பர் ஒன்றும் பேசவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாளே அவற்றைக் கழற்றி ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு போட்டோம். சிலுவை இப்போதும் தெரிகிறது.

அதன்பின் நர்சிங் மாணவியர் வார்டு வார்டாகப் போய் மின்விசிறிகளையும் விளக்குகளையும் எண்ணி, ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதினார்கள். இந்தக் கணக்கை நீங்களும் பொறுமையாகக் கேட்க வேண்டும். நம் பணம் எங்கே போகிறது என்பதை இது காட்டும்.

ஒரு மின்விசிறியின் கணக்கு

வழக்கமான கூரை மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புதுவகை விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. வார்டில் விசிறி நாளொன்றுக்கு 20 மணி நேரமாவது ஓடும். அப்படியானால் ஒரு விசிறியில் நாளைக்கு 0.9 யூனிட், ஆண்டுக்கு ஏறத்தாழ 325 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,600 ரூபாய். விசிறியின் விலை 3,000 ரூபாய் என்றால் பதினான்கு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. ஆகவே கடையில் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்கலாம்.

இப்போது இருநூறு விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 180 யூனிட் மிச்சம். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். அந்த 180 யூனிட்டைச் சூரியனிடமிருந்து பெற 45 கிலோவாட் தகடுகள் வேண்டும். கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் என்றால் அதற்கு 22.5 லட்சம். இருநூறு விசிறிகளுக்கோ 6 லட்சம். நாளொன்றுக்கு மிஞ்சுவது இரண்டிலும் அதே 180 யூனிட்தான்.

பழைய 40 வாட் குழல் விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்தால் 50 வாட்டுக்குமேல் இழுக்கும். எல்.இ.டி. குழல் 20 வாட்டில் அந்த வெளிச்சத்தைத் தரும். குளிர்சாதனத்தில் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு. 2020 சனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கும்படியே அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. அலுவலகங்களில் அதை 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் வழக்கத்தை நாங்கள் நிறுத்தினோம்.

வெந்நீரையும் சொல்ல வேண்டும். நூறு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். பிரசவ வார்டுக்கும் சமையலறைக்கும் அவ்வளவு வெந்நீர் ஒரு வேளைக்கே காணாது. இதற்குச் சூரியத் தகடுகூட வேண்டாம். கண்ணாடிக் குழாய்கள் உள்ள சூரிய வெந்நீர்க் கலன் போதும். வெயிலை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைத் திரும்பவும் வெப்பமாக்குவது சுற்றுவழி.

நம் பழைய கட்டடங்களைக் கட்டிய மிஷனெரிகளுக்கு மின்சாரம் இல்லை. ஆகவே உயரமான கூரை, சுற்றிலும் தாழ்வாரம், சுவரின் மேற்புறம் காற்றுப்போக்கிகள் என்று கட்டினார்கள். பின்வந்த நாங்கள் அழகுக்காகப் பொய்க்கூரை போட்டுக் காற்றுப்போக்கிகளை அடைத்தோம். வெக்கை தாங்கவில்லை என்று குளிர்சாதனம் வாங்கினோம். இப்போது இரண்டு வார்டுகளில் அந்தப் பொய்க்கூரையைப் பிரித்துவிட்டோம். மொட்டை மாடிகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். மேல்மாடி வார்டில் படுத்திருப்பவர்கள் அதன் வித்தியாசத்தைச் சொல்கிறார்கள்.

அந்த இரண்டு வரிகள்

உயரழுத்த இணைப்பு உள்ளவர்கள் செலவழித்த யூனிட்டுக்கு மட்டும் பணம் கட்டுவதில்லை. ஒரே நேரத்தில் அதிகபட்சமாக எவ்வளவு இழுத்தோம் என்பதற்கும் தனியே கட்ட வேண்டும். நம் வளாகத்தில் காலை 9 மணிக்குத் தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரங்கள், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, குளிர்சாதனங்கள் எல்லாம் ஒன்றாகத் தொடங்கின. கல்யாணப் பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் பெரிய பந்தல் வேண்டும், மூன்று பந்தியாக உட்கார்ந்தால் சிறிய பந்தலே போதும். சலவையை அதிகாலைக்கும், மோட்டாரை நண்பகலுக்கும் மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை. அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது.

பவர் ஃபேக்டர் என்பதைக் காப்பித் தம்ளரை வைத்துச் சொன்னார் நம் அன்பர். தம்ளர் நிறைய ஊற்றினாலும் பாதி நுரையாக இருந்தால் குடிப்பதற்குக் கிடைப்பது பாதிதான். ஆனால் தம்ளரோ முழுத் தம்ளர். மோட்டார்கள் அதிகமுள்ள இடத்தில் இந்த நுரை சேரும். அதைக் குறைக்கக் கெப்பாசிட்டர்கள் வைக்க வேண்டும். நம்மிடம் இருந்தன, பல செத்துக்கிடந்தன. அவற்றை மாற்றிய பின் இரண்டாவது வரியும் போயிற்று.

வியாபாரமும் ஆலையும் நடத்தும் அன்பர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மின்பட்டியலையும் ஒரு மாலை எடுத்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கட்டுவதே நம் எல்லாருடைய பழக்கம்.

தொடக்கூடாத இடங்கள்

சிக்கனம் நோயாளியைத் தொடக்கூடாது. இதை எங்கள் மருத்துவக் கண்காணிப்பாளர் முதல் கூட்டத்திலேயே எழுதி வைக்கச் சொன்னார். அறுவை அரங்கின் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் மருத்துவர்களே தீர்மானிப்பார்கள். தடுப்பூசிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்கும். குறைமாதக் குழந்தையின் வெப்பப் பெட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆக்ஸிஜன் ஆகியவற்றில் கணக்குப் பார்க்க மாட்டோம். 2021-இல் ஆக்ஸிஜனுக்காக நாடே அலைந்ததை மறக்க முடியாது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கும் இயந்திரம் மின்சாரத்தை நிறையத் தின்னும். தின்னட்டும். பூட்டிய அறையில் விசிறி ஓடாமலிருந்தால்தான் இதற்குக் கொடுக்க நம்மிடம் இருக்கும்.

சூரியனிடம் வந்தோம்

இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகே கூரையைப் பார்த்தோம். தேவை குறைந்திருந்ததால் முதலில் நினைத்ததைவிடச் சிறிய அமைப்பே போதும் என்று தெரிந்தது. 50 கிலோவாட் என்று முடிவு செய்தோம். கிலோவாட்டுக்குப் பத்துச் சதுர மீட்டர் வீதம் 500 சதுர மீட்டர், நிழல் விழாத கூரை வேண்டும்.

அங்கே ஒரு சோதனை வந்தது. மிகப் பொருத்தமான கூரை பெண்கள் வார்டினுடையது. ஆனால் அதன் தென்புறத்தில் பழைய வேப்பமரம் நிற்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒரு தகட்டில் விழும் நிழலும் அந்தத் தொடரின் உற்பத்தியைக் குறைக்கும். மரத்தை வெட்டிவிடலாம் என்று வேலை எடுத்தவர் சொன்னார். குழுவிலும் பாதிப் பேர் சரி என்றார்கள். ஆனால் அந்த மரத்தடியில்தான் நோயாளிகளின் உறவினர்கள் சோற்று மூட்டையை அவிழ்க்கிறார்கள், குழந்தைகளுக்குத் தூளி கட்டுகிறார்கள். அறுவை அரங்கின் கதவு திறக்கும்வரை அங்கேயே காத்திருக்கிறார்கள். நாங்கள் பலமுறை ஜெபித்திருப்பதும், சில வேளை துக்கச் செய்தியைச் சொல்லியிருப்பதும் அங்கேதான். வெயிலைப் பிடிப்பதற்காக நிழலைக் கொல்வது எங்களுக்கு ஒப்பவில்லை. இரண்டு கூட்டங்கள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தகடுகளை வெளிநோயாளர் கட்டடத்திலும் நர்சிங் பள்ளியிலும் பிரித்து வைத்தோம். கம்பிச் செலவு சற்றுக் கூடியது. மரம் நிற்கிறது.

50 கிலோவாட் நாளைக்கு 200 யூனிட், ஆண்டுக்குச் சுமார் 73,000 யூனிட் தரும். எட்டு ரூபாய் வீதம் 5.84 லட்சம். 25 லட்சம் முதலீடு என்றால் நான்கு ஆண்டு சில மாதங்களில் மீளும். தகடுகள் ஆண்டுக்கு அரை சதவீத அளவில் மெல்லத் தேய்ந்தாலும் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். ஆனால் இன்வெர்ட்டர் அத்தனை காலம் நிலைக்காது, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கென்று இப்போதே மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுகிறோம். மழை இல்லாத மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தகடுகளைக் கழுவுகிறோம். யார் கழுவுவது, யார் மேற்பார்ப்பது என்று பெயர் எழுதிய அட்டை எலக்ட்ரீஷியன் அறைச் சுவரில் தொங்குகிறது. பிரதிஷ்டையன்று பெயர்ப்பலகை திறக்கவில்லை. அந்த அட்டையை வைத்துத்தான் ஜெபம் செய்தோம்.

உங்கள் கேள்விகள்

உங்களில் ஒருவர், "சோலார் போட்டும் ஏன் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது?" என்று எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த சூரிய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். அப்படி நிற்காவிட்டால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து. ஆகவே இது மின்வெட்டுக்கு மருந்தல்ல, மின்கட்டணத்துக்கு மருந்து. மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இன்னும் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட்தான் வரும். 2024-இல் டீசல் லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்றது. அப்படியானால் யூனிட் 25 ரூபாய்க்குக் குறையாது. பகலில் ஜெனரேட்டர் ஓடும்போது சூரிய மின்சாரமும் அதோடு சேர்ந்து உழைக்கும்படி தனிக் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதனால் டீசல் குறைகிறது, நிற்கவில்லை.

அரசு மானியம் கிடைக்காதா என்று வேறொருவர் கேட்டார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் வீடுகளுக்கானது. அதில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் வீட்டாருக்கு 78,000 ரூபாய்வரை மானியம் என்று அறிவிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு அது இல்லை. வியாபார நிறுவனங்கள் சூரியத் தகடுகளுக்கு 40 சதவீதத் தேய்மானத்தைக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். வரி கட்டும் வருமானம் இல்லாத தர்ம ஸ்தாபனத்துக்கு அந்தச் சலுகையும் பயன்படாது. ஆகவே ஆலை முதலாளிகளான அன்பர்களே, இதில் எங்களைவிட உங்களுக்கு வசதி அதிகம். முதலீடு வேறொருவர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று நம்மிடம் வாங்கும் ஏற்பாடும் உண்டு. நல்லதுதான். ஆனால் ஒப்பந்தம் பதினைந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நீளும். ஆண்டுதோறும் விலை ஏறும் நிபந்தனை இருக்கிறதா, கூரையைப் பழுது பார்க்கத் தகடுகளை எடுத்தால் செலவு யாருடையது என்று படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுக்கும் விதிகள் இணைப்பின் வகைக்கு ஏற்ப மாறும், இடையிடையே திருத்தப்பட்டும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்திருக்கிறார்.

யாருக்காக?

வறிய நாடுகளில் ஏறத்தாழ நூறு கோடி மக்கள், மின்சாரமே இல்லாத அல்லது நம்ப முடியாத மின்சாரமுள்ள மருத்துவ நிலையங்களையே சார்ந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2023-இல் சொல்லின. சத்தீஸ்கர் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்சாரம் வைத்தார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தகைய நிலையங்களில், மின்பற்றாக்குறையால் வாடிய மற்ற நிலையங்களைவிடப் பிரசவங்கள் ஏறத்தாழ இருமடங்கு நடந்தன என்று கண்டது. விளக்கு எரியும் இடத்தைத் தேடித் தாய்மார் வருகிறார்கள். ஆண்டவர் நல்லவனென்றும் பொல்லாதவனென்றும் பாராமல் எல்லாருக்கும் கொடுக்கிற வெயில், அந்தத் தாய்மாரின் அறையில் இரவும் வெளிச்சமாக எரிய வேண்டுமானால், இடையில் யாரோ ஒருவர் தகட்டைக் கழுவியிருக்க வேண்டும், பேட்டரிக்கு நீர் ஊற்றியிருக்க வேண்டும்.

நம் மருத்துவமனையில் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட மின்கட்டணம் எவ்வளவு குறைகிறதோ, இன்வெர்ட்டர் சேமிப்பை ஒதுக்கியது போக மீதி முழுவதும் ஏழை நோயாளர் நிதிக்குப் போகும். கட்டடத்துக்கோ வாகனத்துக்கோ போகாது. மாதக் கூட்டத்தில் கணக்காளர் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறார். இதைத் தொடங்கிய பின் மாதக் கடைசியில் நிதி வற்றிப்போன மாதங்கள் குறைந்துள்ளன. இல்லாமல் போய்விட்டன என்று சொல்ல மாட்டோம்.

ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியான பின்னும் மீந்த துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர் துணுக்கையும் வீணாக்கவில்லை. பெருகச் செய்யும் வல்லமை நம்மிடம் இல்லை. சேர்ப்பதாவது நம்மால் ஆகும்.

முடிக்குமுன் ஒரு விண்ணப்பம். தகட்டுக்குக் கொடுக்கப் பலர் வருகிறார்கள், அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் கூரையில் ஏறி நின்று காட்ட முடியாத தேவைகள் இன்னும் இருக்கின்றன. ஆண்கள் வார்டிலும் நர்சிங் மாணவியர் விடுதியிலும் பழைய விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரசவ வார்டுப் பழைய கம்பிகளை மாற்ற வேண்டும். இவற்றில் யாருடைய பெயரும் எழுதப்படாது. ஒரு விசிறிக்கு உரியதைக் கொடுக்கிறவர், பதினான்கு மாதத்துக்குப் பின் அந்த விசிறி ஓடும் காலமெல்லாம் ஏழை ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பனையேறி இப்போது நம் மருத்துவமனை வாசலுக்கு எதிரே இளநீர் விற்கிறார். ஆலயத்துக்குப் போகும்போதும் வரும்போதும் எங்களைக் கண்டால் எழுந்து கும்பிடுகிறார். குட்டையான அந்தக் காலை ஊன்றி அவர் எழும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வரிகள் எங்கள் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு அவற்றைப் பற்றித் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிட்டோம். எங்களுக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.